கறுப்புப் பொருக்கைக் காட்டத் தயங்காதீர்

ஐப்பசி மழை தொடங்கி மாசிப் பனி விலகும்வரை, பொட்டிப்புரம், தேவாரம், கோம்பை போன்ற மலையடிவார ஊர்களிலிருந்து காய்ச்சலுடன் வருவோரிடம், "கடந்த மூன்று வாரங்களில் எங்கெங்கே சென்றீர்கள்?" என்று நாங்கள் கேட்பதுண்டு. "எங்கும் போகவில்லை" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. மாடு மேய்த்ததும், புல்லறுத்ததும், விறகு பொறுக்கப் புதர்க்காட்டுக்குள் நுழைந்ததும் அவர்கள் கணக்கில் எங்கும் போனதாகா. எங்கள் கணக்கிலோ நோயின் துப்பு அங்கேதான் இருக்கிறது.

ஸ்க்ரப் டைபஸ் என்னும் இந்நோயைச் செய்தித்தாள்கள் 'உண்ணிக் காய்ச்சல்' என்றே எழுதுகின்றன. இப்பெயரில் எங்களுக்கு உடன்பாடில்லை. உண்ணி என்றதும் மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் கொழுத்துத் தொங்கும் பூச்சியே நினைவுக்கு வருகிறது. அது தம் உடலில் இல்லை என்பதால் நோயும் இல்லை என்று பலர் முடிவு செய்துவிடுகின்றனர். இந்நோயைப் பரப்புவதோ வேறோர் உயிர்: கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் இளம்பருவம். புல்நுனியிலும் புதரிலும் காத்திருந்து, கடந்து செல்லும் எலியின் மீதோ மனிதர் மீதோ ஏறிக்கொள்ளும். கடித்தால் வலிக்காது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இந்நோய் தொற்றாது என்பதால், நோயாளியை வீட்டில் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைக் காட்டி, "இது லைம் நோயா?" என்று கேட்போரும் உளர். 1970களில் கனெக்டிகட் மாநிலத்து லைம் என்னும் ஊரில் கவனத்துக்கு வந்து, அவ்வூரின் பெயரையே பெற்ற அந்நோய் நம் பகுதியில் மிக அரிது. ஸ்க்ரப் டைபஸ் அவ்வாறன்று. தமிழகத்தின் 37 சிற்றூர்களில் 32,000க்கும் மேற்பட்ட மக்களைப் பின்தொடர்ந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் லண்டன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு, ஊர்ப்புறங்களில் மருத்துவமனைச் சேர்க்கை வரை கொண்டுசெல்லும் காய்ச்சல்களுள் இதற்கு முதன்மையான இடம் உண்டு என்பதைக் காட்டியது.

கடித்த இடத்தில் பலருக்கு, பீடி சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு ஒன்று உண்டாகும். வலியோ அரிப்போ இராது என்பதால் நோயாளிக்கே அது தெரிவதில்லை. அது ஒளிந்திருக்கும் இடங்களும் அப்படிப்பட்டவை: அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்புறம், பாவாடை நாடா இறுகும் இடுப்பு, காதின் பின்புறம். வேலைக்காட்டிலிருந்து வரும் பெண்கள் கூச்சத்தால் இவற்றைக் காட்டுவதில்லை. கூட்டம் மிகுந்த புறநோயாளர் பிரிவில் மருத்துவரும் கேட்பதில்லை. இது நோயாளியின் குறை மட்டுமன்று என்பதே எங்கள் கருத்து. திரைமறைவும் ஒரு பெண் செவிலியும் இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடியும் சோதனை அது. அதைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. வீட்டிலேயே கண்ணாடி வைத்தோ, மகளையோ மருமகளையோ பார்க்கச் சொல்லியோ தெரிந்துகொண்டு வந்தாலும் நன்றே. பொருக்கு எல்லோருக்கும் தோன்றுவதில்லை. எனவே அது இல்லையென்பதால் நோயில்லை என்றாகிவிடாது.

டெங்குவைப் போலவே இதிலும் தட்டணுக்கள் குறையலாம். பரிசோதனைச் சீட்டில் அவ்வெண்ணைக் கண்டதும் பப்பாளி இலைச்சாற்றைத் தேடி ஓடுவோரால் நாள்கள் வீணாகின்றன. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அமாக்ஸிசிலினும், 'காய்ச்சல் ஊசி' என்று போடப்படும் பல ஊசிகளும் இக்கிருமியைத் தொடுவதில்லை. தொடுவது டாக்ஸிசைக்ளின், விலை மலிந்த பழைய மாத்திரை. கருவுற்றோருக்கு அஸித்ரோமைசின் தருவோம். ஐயம் வலுவாக இருந்தால் இரத்தச் சோதனை முடிவுக்காகக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுவோம். முதல் வாரத்தில் அச்சோதனை இல்லையென்று காட்டக்கூடும். பிந்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படலாம். வேலூர் மருத்துவர்கள் தலைமையில் கடும் நோயுற்ற ஏறத்தாழ 800 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, அந்நிலையில் இவ்விரு மருந்துகளையும் சேர்த்து நரம்புவழிச் செலுத்துவது தனித்தனியே தருவதினும் மேல் என்று காட்டிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் அது பெரும் உதவியே. அங்கு வரை வராமலிருக்க மாத்திரை போதும்.

தடுப்பூசி இல்லை. காட்டுக்கும் மேய்ச்சலுக்கும் செல்வோரை வேலையை விடச் சொல்வது வீண் உபதேசம். முழுக்கைச் சட்டையும் காலணியும் அணிந்து செல்லலாம். வெறும் புல்லில் அமராமல் சாக்கையோ தார்ப்பாயையோ விரிக்கலாம். சட்டையைக் கழற்றிப் புதர்மேல் போடாதிருக்கலாம். வீடு திரும்பியதும் சோப்பிட்டுத் தேய்த்துக் குளித்து, உடுத்தியவற்றை வெந்நீரில் துவைக்க வேண்டும். வீட்டைச் சுற்றிய புதரை வெட்டி, எலி அண்டும் குப்பையையும் விறகுக் குவியலையும் அகற்றுதல் நலம்.

மாட்டுண்ணி உடலில் ஒட்டியிருந்தால் பீடி நெருப்பால் சுடாமல், மண்ணெண்ணெய் ஊற்றாமல், இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். அவ்வுண்ணிகள் பரப்பும் நோய்களும் உண்டு. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் அறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் அவற்றுள் ஒன்று.

மாத்திரை தொடங்கியபின் பெரும்பாலோர்க்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் தணியும். தணிந்ததும் நிறுத்திவிடாமல், எழுதித் தந்த நாள்கள் முழுதும் உட்கொள்ளுங்கள். தணியாவிட்டாலோ, மூச்சு இரைத்தாலோ, பேச்சு தடுமாறினாலோ, மறுநாள் பேருந்துக்குக் காத்திராமல் அன்றே 108ஐ அழைத்து வந்துவிடுங்கள்.