பிடரியில் ஒரு இட நெருக்கடி

கொட்டிவாக்கத்துக்கு ஒரு பக்கம் ஈ.சி.ஆர்., இன்னொரு பக்கம் ஓ.எம்.ஆர். இரண்டு சாலையிலும் ஸ்கேன் சென்டருக்குப் பஞ்சமில்லை. தலைவலி என்று போனவர் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டோடு வீடு திரும்புகிறார். அதில் 'கியாரி' என்று ஒரு சொல் இருந்துவிட்டால் அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. இந்தப் பயத்தில் பாதி தேவையில்லாதது. தேவையான மீதிப் பாதியோ பெரும்பாலும் காலம் கடந்த பிறகுதான் வருகிறது.

மண்டை ஓட்டின் அடியில் ஒரு பெரிய துளை உண்டு. மூளையின் தண்டு அதன் வழியாகத்தான் தண்டுவடமாக இறங்குகிறது. அந்தத் துளைக்கு மேலே இருக்க வேண்டிய சிறுமூளையின் அடிப்பகுதி, இடம் போதாமல் கீழே இறங்கி நிற்பதுதான் கியாரி குறைபாடு. பிராக் நகரத்தில் பணியாற்றிய நோய்க்கூறியல் மருத்துவர் ஹான்ஸ் கியாரி 1891-ல் இதை வகை பிரித்து எழுதினார். முதல் வகைக்கு அவர் காட்டிய உதாரணம் 17 வயதுப் பெண் ஒருத்தி. அவள் இறந்தது டைபாய்டு காய்ச்சலால். சிறுமூளை இறங்கியிருந்ததற்கான தொந்தரவு எதுவும் அவளிடம் காணப்படவில்லை.

இது இன்றைக்கும் நினைவில் வைக்க வேண்டிய விஷயம். 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் கியாரி என்பது ஸ்கேன் கணக்கு. வேறு ஏதோ காரணத்துக்காக எம்.ஆர்.ஐ. எடுப்பவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரிடம் இது தென்படுகிறது. அவர்களில் பலருக்கு ஆபரேஷன் தேவையே இல்லை. மில்லிமீட்டரை விட முக்கியமானது நோயாளி சொல்வது.

இருமும்போது, தும்மும்போது, முக்கும்போது பிடரியில் சுரீரென்று ஒரு வலி. நடையில் தள்ளாட்டம். குழந்தைகளுக்கு முதுகு ஒரு பக்கமாக வளைவது. எல்லாவற்றையும் விட, சூடு உறைக்காத கை. துளையில் நெருக்கடி ஏற்பட்டால் மூளையைச் சுற்றியுள்ள நீரின் ஓட்டம் தடைபடுகிறது. தண்டுவடத்துக்கு உள்ளேயே நீர் தேங்கி, குழாய் போல விரிகிறது. அது முதலில் கெடுப்பது வலியையும் வெப்பத்தையும் கொண்டு போகும் இழைகளை. அதனால் தொட்டால் தெரியும், சுட்டால் தெரியாது. தோசைக்கல்லில் பட்ட விரல் கொப்புளித்த பிறகுதான் விஷயமே புரியும். இதைத் தொழுநோய் என்று குழப்பிக்கொண்டதும் உண்டு. 'கழுத்து எலும்பு தேய்மானம்' என்று தைலம் தடவியே வருடங்களை ஓட்டுகிறவர்களும் உண்டு. துளையை அகலப்படுத்தும் ஆபரேஷன் நெருக்கடியைக் குறைக்கும்; ஆனால் வெகுநாள் செத்துக் கிடந்த நரம்பு அப்படியே திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கியபோது சி.டி. ஸ்கேனும் இல்லை, எம்.ஆர்.ஐ.யும் இல்லை. ஒரு கண்ணாடிக் குழாயில் சுடுதண்ணீர், இன்னொன்றில் குளிர்ந்த தண்ணீர் வைத்துத் தோலில் தொட்டுப் பார்ப்பதுதான் அந்தத் தலைமுறையின் சோதனை. இன்றும் அதற்கு ஐந்து நிமிஷம் போதும். மெஷின் வந்துவிட்டது என்பதற்காக இந்த ஐந்து நிமிஷத்தைக் கைவிட்டது பெரிய தவறு.

அடுத்தது குழந்தைகள். இரண்டாம் வகைக் கியாரி, முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குழந்தைகளிடம் வருவது. கருவிலேயே முதுகின் திறப்பு வழியாக நீர் கசிவதால் மூளையின் பின்பகுதி கீழே இழுபடுகிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். தலையில் நீர் கோர்ப்பதும், விழுங்கவும் மூச்சுவிடவும் திணறுவதும் இதோடு வரலாம். கருவிலேயே முதுகை மூடும் ஆபரேஷன் பலன் தரும் என்று 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் அது எத்தனை குடும்பங்களுக்கு எட்டும்?

எட்டக்கூடியது ஒரு மாத்திரை. ஃபோலிக் அமிலம். ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு அதைக் கொடுத்தபோது, மறுபடி வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்தது என்று 1991-லேயே பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிரூபித்தது. சிக்கல் நேரத்தில்தான் இருக்கிறது. கரு உண்டான 28 நாட்களுக்குள் முதுகு மூடிவிட வேண்டும். நாள் தள்ளிப்போய், டாக்டரைப் பார்த்து, மாத்திரை கைக்கு வருவதற்குள் அந்த 28 நாள் முடிந்திருக்கும்.

'ரேஷனில் செறிவூட்டிய அரிசி கொடுத்தார்களே' என்று கேட்கலாம். அந்த அரிசிக்கான விதிப்படி கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். தினம் 300 கிராம் சாப்பிட்டாலும் 40 மைக்ரோகிராமைத் தாண்டாது. தேவையோ நாளொன்றுக்கு 400. பள்ளி மாணவிகளுக்கான வாராந்திர மாத்திரையில் 500. வாரத் தேவை 2800. இரண்டும் ரத்தசோகைக்கு நல்லவைதான், ஆனால் முதுகை மூட இந்த அளவு போதாது. கீரையும் பயறும் நல்லவையே, கொதிக்கும்போது அவற்றின் சத்தில் ஒரு பகுதி போய்விடுகிறது.

ஆகவே செய்ய வேண்டியது எளிது. மாத்திரை கர்ப்பத்தோடு அல்ல, கல்யாணத்தோடு தொடங்க வேண்டும். மண்டபம் பார்க்க ஆறு மாதம் அலைகிற வீடுகளில், குழந்தை பெறும் எண்ணமுள்ள பெண் டாக்டரிடம் கேட்டு அளவு தெரிந்துகொள்ள ஒரு நாள் ஒதுக்க முடியாதா? திருமணப் பதிவு அலுவலகத்தில் ஒரு அறிவிப்புப் பலகையும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதுமணத் தம்பதிகளுக்கு ஒரு அட்டை மாத்திரையும் வைத்தால் அரசுக்குப் பெரிய செலவில்லை. மருந்துக்கடையில் மிக மலிவாகக் கிடைக்கும் மாத்திரைகளில் இதுவும் ஒன்று. 1991-ல் தெரிந்த விஷயம் இன்னும் கல்யாண வீடு வரை வந்து சேரவில்லை என்பதுதான் வேதனை.