கல்லை அகற்றுவது யார்?



பெத்தானியாவில் இலாசரின் கல்லறை முன் நம் ஆண்டவர் நின்ற காட்சியை நாம் அனைவரும் அறிவோம். இறந்து நான்கு நாளான நண்பனை ஒரு சொல்லால் எழுப்ப வல்லவருக்கு, கல்லறை வாயிலை மூடியிருந்த கல்லைப் புரட்டுவது பெரிய காரியமா? ஆயினும் அவ்வேலையை அவர் அருகில் நின்றவர்களிடமே ஒப்படைத்தார். எழுந்து வந்தவனின் கட்டுகளை அவிழ்க்கும் வேலையையும் அவர்களுக்கே தந்தார். உயிரளிப்பது இறைவனின் செயல்; கல்லை அகற்றுவதும் கட்டை அவிழ்ப்பதும் மனிதரின் கடமை. இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்கும் ஒரு சேற்று நிலத்தைப் பற்றி இம்மாதம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரம், அசிசியாரின் திருப்பெயரைத் தாங்கியது. 1776-ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கன் துறவியர் அங்கே அவர் பெயரால் மறைப்பணித் தளம் அமைத்தனர். அந்நகரை அடுத்த விரிகுடாவின் ஓரமெங்கும் ஒரு காலத்தில் உவர்ச் சேற்று நிலங்கள் பரந்து கிடந்தன. நாளுக்கு இருமுறை கடல் ஏறி அவற்றை நனைக்கும்; இருமுறை வடியும். ஏறும் நீர் வண்டலைக் கொணரும். செடிகளின் வேர்கள் அதைப் பற்றி நிறுத்தும். மீன்குஞ்சுகளுக்கு அந்நிலம் தொட்டில். அலையின் சீற்றத்திலிருந்து கரையைக் காக்கும் அரணும் அதுவே. நம் தென்கடற்கரையில் உமரி என்கிறோமே, அதன் உறவுச் செடிகளே அங்கும் சேற்றின் மேல் போர்வையாகப் படர்ந்திருப்பவை. ஆனால் வேளாண்மைக்கென்றும், உப்பளத்திற்கென்றும், கட்டடங்களுக்கென்றும் மனிதர் கரையிட்டும் மண் நிரப்பியும் அந்நிலங்களில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அழித்துவிட்டனர்.

நகரின் தென்கிழக்கில் உள்ளது பேவியூ-ஹண்டர்ஸ் பாயின்ட் என்னும் பகுதி. கறுப்பின உழைப்பாளர் குடும்பங்கள் நெடுங்காலம் மிகுதியாக வாழ்ந்த இடம். கடற்படைக் கப்பல் தளத்தின் நச்சுக் கழிவும், மின் நிலையத்தின் புகையுமே அவர்களுக்குப் பங்காகக் கிடைத்தன. 1970-களின் தொடக்கத்தில், சரக்குக் கப்பல் துறை அமைக்கும் நோக்கத்துடன், துறைமுக நிருவாகம் அங்கே கடலுக்குள் மண்ணைக் கொட்டி நீண்டதொரு மேட்டை எழுப்பியது. துறையோ கட்டப்படவேயில்லை. மேடு மெல்ல மெல்ல அமிழ்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் எவரும் பொருட்படுத்தாத அவ்விடத்தில் கடல் ஏறி இறங்கியது. உவர்ச் செடிகள் தாமே முளைத்தன. பறவைகள் தேடி வந்தன. மனிதர் கைவிட்டதை இறைவன் கைவிடவில்லை.

பின்னரே மனிதரின் வேலை தொடங்கியது. முதலில் கல்லை அகற்றினர். 1998, 1999 ஆண்டுகளில் துறைமுக நிருவாகம் 5,000 டன்னுக்கும் மேலான கான்கிரீட், தார், இரும்புக் கழிவுகளை அப்புறப்படுத்தி, கடல்நீர் உள்ளே வந்து செல்ல வாய்க்கால் அமைத்தது. ஏறத்தாழ 22 ஏக்கர் பரப்புள்ள அந்நிலம் 1999-இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. வானிலிருந்து நோக்கினால் நாரையின் தலை போலத் தோன்றுவதால், அப்பொருள் தரும் ‘ஹெரன்ஸ் ஹெட்’ என்னும் பெயர் அதற்கு வாய்த்தது.

அடுத்துக் கட்டுகளை அவிழ்க்கும் வேலை. அது ஓரிரு ஆண்டுகளில் முடிவதன்று. அப்பகுதிப் பள்ளி மாணவரும் இளைஞரும் பெரியவரும் தொண்டர்களாகக் கூடி, அயல்நாட்டுக் களைகளைக் கையால் பிடுங்கினர். அந்த மண்ணுக்குரிய செடிகளின் விதைகளைச் சேகரித்து, நாற்றாக வளர்த்து நட்டனர். அலை கொண்டுவந்து ஒதுக்கும் பிளாஸ்டிக் குப்பையைப் பொறுக்கினர். இன்று பொறுக்கிய இடத்தில் நாளை மீண்டும் குப்பை ஒதுங்கும். ஆயினும் அவர்கள் சலிக்கவில்லை. அவ்விரிகுடாவிலிருந்தே அற்றுப்போயிருந்த ஓர் உமரி இனம், வேறோர் ஊரில் எஞ்சியிருந்த செடிகளிலிருந்து பெருக்கப்பட்டு, இங்கே மீண்டும் நடப்பட்டது. இன்று ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே காணப்படுகின்றன. புகை கக்கிய அந்த மின் நிலையமும், அப்பகுதி மக்களின் பல்லாண்டுப் போராட்டத்திற்குப் பின், 2006-இல் மூடப்பட்டது.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அந்த மேட்டைக் கொட்டியவர்கள் இத்தொண்டர்கள் அல்லர். அதனால் பொருள் ஈட்டியவர்களும் அல்லர். பிறர் செய்த பிழைக்குத் தாங்கள் பரிகாரம் செய்தார்கள். பூமியின் அழுகுரலும் ஏழைகளின் அழுகுரலும் வேறுவேறல்ல என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுத் திருமடலில் போதித்ததை, அவர்கள் அதற்கு முன்னரே தங்கள் கைகளால் எழுதிவிட்டார்கள். 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அசிசியாரைச் சூழலியல் ஆர்வலர்களின் பாதுகாவலராக அறிவித்தார். அப்புனிதரின் பெயர் தாங்கிய நகரில் இப்பணி நடைபெறுவது எத்துணைப் பொருத்தம்!

பணி முடிந்துவிட்டதா? இல்லை. அலைகள் அந்நிலத்தின் தென்கரையை அரித்து வந்தன. எனவே 2022-இல் சரளைக் கற்களைப் பரப்பிக் கரையை வலுப்படுத்தினர். கடல் மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில் இன்னும் எத்தனை தலைமுறைகள் அங்கே குனிந்து உழைக்க வேண்டியிருக்குமோ!

கல்லை அகற்றச் சொன்னபோது மார்த்தா நாற்றத்தை எண்ணித் தயங்கினாள். நாமும் அவ்வாறே தயங்குகிறோம். நம் தெருக்கோடியில் ஓடையோ குளமோ கழிவுக் கிடங்காகிக் கிடந்தால், மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிறோம், நகராட்சியைக் குறைகூறுகிறோம். குறைகூறுவதிலும் நியாயம் உண்டு. நிருவாகம் செய்ய வேண்டியதை நிருவாகமே செய்ய வேண்டும். ஆனால் அதன்பின் அவிழ்க்க வேண்டிய கட்டுகளை யார் அவிழ்ப்பது?

இம்மாதம் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்ததும், அன்பியக் குடும்பங்கள் நான்கைந்து சேர்ந்து உங்கள் ஊர் நீர்நிலையின் கரைக்குச் சென்று பாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அங்கே எந்தக் கல் உயிரை அடைத்துக் கிடக்கிறது என்று அவர்களையே கேளுங்கள். பெரும்பாலும் அவர்களே முதலில் கண்டு சொல்வார்கள். உயிரளிக்கும் ஆண்டவர் அங்கே நமக்காகக் காத்து நிற்கிறார்.