இரண்டாயிரம் ரூபாய் யாரையும் சோம்பேறியாக்கவில்லை

‘கையில் காசைக் கொடுத்தால் ஏழை குடிப்பான், வேலைக்கு வரமாட்டான்’ என்று கிருஹலட்சுமி திட்டத்தைச் சாடுகிறார் நண்பர் ஒருவர். கர்நாடகத்தில் 2023 ஆகஸ்ட் 30 முதல் அத்திட்டத்தின் மாதம் 2,000 ரூபாய் போவது குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்குக்கு. குடிக்கிறவர் கைக்கு அல்ல.

பெங்களூருவில் நம் ஆஸ்டின் டவுனில் வீட்டுவேலைக்கு வரும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். கேஸ் சிலிண்டர், பிள்ளையின் டியூஷன், ஊரிலிருக்கும் அம்மாவின் சர்க்கரை மாத்திரை. பணம் போகும் வழி இதுதான். அதற்காக யாரும் ஒரு வீட்டு வேலையைக்கூட விடவில்லை. மாதம் 2,000 ரூபாயில் எந்தக் குடும்பம் உட்கார்ந்து சாப்பிட முடியும்?

கிராமத்துச் சான்றும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் சேவா (SEWA) என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, யுனிசெப் நிதியுதவியுடன், 2011 வாக்கில் எட்டு கிராமங்களில் பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய் கொடுத்துப் பார்த்தது. பிறகு 300 ஆக்கியது. உழைப்பு குறையவில்லை. பலர் கூலி வேலையைக் குறைத்துக்கொண்டு சொந்த நிலத்தில் கூடுதலாகப் பாடுபட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் கூடியது.

பணம் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல, ஒப்புக்கொள்கிறேன். கர்நாடகத்தின் இலவச அரிசித் திட்டமான அன்னபாக்யாவில் கூடுதல் 5 கிலோ அரிசிக்குப் பதில் கொடுத்த 170 ரூபாய் கடையில் அத்தனை அரிசி வாங்கப் போதவில்லை. 2025-இல் அரசே மீண்டும் அரிசிக்குத் திரும்பியது. குறை சொல்வதென்றால் அதைச் சொல்லுங்கள். கிருஹலட்சுமித் தவணை மாதக்கணக்கில் தாமதமாவதைக் கேளுங்கள். வாங்குகிற பெண்ணின் ஒழுக்கத்தைச் சந்தேகிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.