எரிந்த எலும்பைக் கிளறாதீர்கள்

நாஞ்சில் நாட்டில் காடாற்றுக்குப் போன எவருக்கும் தெரியும், சிதை எரிந்து அடங்கிய பிறகும் எலும்பு மிஞ்சும். அதைப் பொறுக்கிக் கலயத்தில் இட்டுத்தான் கன்னியாகுமரிக் கடலில் கரைக்கிறோம். கொலை வழக்கில் மட்டும், தீ வைத்தால் எல்லாம் சாம்பல் என்ற நம்பிக்கை ஏன்? எரிந்த உடல் கிடக்கும் இடத்தில் தடயவியல் நிபுணர் வரும்வரை ஒரு துண்டு எலும்பையும் யாரும் அள்ளக்கூடாது.

எலும்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். சூடேறினால் முதலில் நீர் வற்றும். 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புரதம் கருகி எலும்பு கறுக்கும். 600-ஐ ஒட்டிச் சாம்பல் நிறமாகும். 800-க்கு மேல் வெளுத்துச் சுருங்கி, தொட்டாலே நொறுங்கும். சதையோடு எரிந்த எலும்பில் வளைந்த குறுக்கு விரிசல்கள் அதிகம். காய்ந்த எலும்பு பெரும்பாலும் நீளவாக்கில் பிளக்கும். இவை துப்புகள்தாம், தீர்ப்புகள் அல்ல. கொலாஜன் மிச்சமிருந்தால் காய்ந்த எலும்பும் வளையும். நிறத்தை வெப்பம் மட்டுமல்ல, எரிந்த நேரமும் காற்றோட்டமும் மாற்றும். சுருங்கிய எலும்பை அப்படியே அளந்து உயரம் சொன்னால் பிழையாகும். மண்டையோடு வெப்பத்தால் விரிசல் விட்டதா, அதற்கு முன்பே அடிபட்டு உடைந்ததா என்பதைத் துண்டுகளை ஒட்டிப் பார்த்துத்தான் கணிக்க முடியும். மண்வெட்டியால் அள்ளிச் சாக்கில் கட்டிய எலும்பில் அந்த வழி அடைபட்டுப்போகும்.

வெளுத்த எலும்பில் டி.என்.ஏ. கிடைக்காதே, எதற்கு இந்தப் பாடு என்பார்கள். கிடைப்பது அரிதுதான். ஆனால் உடல் எங்கும் ஒரே சீராக எரிவதில்லை. தசை மூடிய இடுப்பெலும்பும் தாடைக்குள் புதைந்த பல்வேரும் தாக்குப்பிடிக்கக்கூடும். 1995-ல் டெல்லியில் உணவகத் தந்தூர் அடுப்பில் எரிக்கப்பட்ட நைனா சாஹ்னியின் உடலை, பெற்றோரின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டு உறுதிசெய்தது ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் லால்ஜி சிங் செய்த ஆய்வு. அந்த உடல் முழுதாக எரிந்திருக்கவில்லை. பாதி எரிந்ததையும் கைவிடக்கூடாது என்பதற்கு அதுவே சான்று. டி.என்.ஏ. இல்லாவிட்டாலும், எலும்பு முறிவுக்கு வைத்த உலோகத் தகடு ஆளைக் காட்டிக்கொடுக்கலாம். அழுதுகொண்டு நிற்கும் குடும்பத்தைக் காக்கவைப்பது கொடுமை என்பது இன்னொரு மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது சில மணி நேரக் காத்திருப்பு. இறந்தது யார், எப்படி என்று தெரியாமலே போனால் அந்தக் குடும்பத்துக்கு ஆயுள் முழுதும் காத்திருப்பு.

2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வரவேண்டும் என்கிறது. அதை அமலாக்க மாநிலங்களுக்கு 5 ஆண்டு வரை அவகாசமும் தருகிறது. எரிந்த உடல் கிடைக்கும் வழக்குகளுக்கு அந்த அவகாசத்தைப் பயன்படுத்தவே கூடாது. ரப்பர் தோட்டத்திலோ தென்னந்தோப்பிலோ அப்படி ஒன்றைக் காண நேர்பவர்கள் கம்பால் கிளற வேண்டாம். தள்ளி நின்று காவல்துறையை அழையுங்கள்.