எகிப்து போறீங்களா? பிரமிடோட நின்னுடாதீங்க!

லண்டன் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்போ எகிப்து ரொம்பப் பக்கம். ஐந்தாறு மணி நேர விமானம், ஹாஃப் டெர்ம் லீவு, ஹுர்காடாவில் ஆல் இன்க்ளூசிவ் ஹோட்டல், ஒரு நாள் லக்சருக்கு பஸ். கர்னாக் தூண்கள், மன்னர்களின் பள்ளத்தாக்கு, ஒட்டகத்தோட ஒரு செல்ஃபி. திரும்பி வந்ததும் வாட்ஸ்அப் குரூப்பில் நூறு போட்டோ. தப்பே இல்லை. ஆனா அதே செங்கடல் கரையில் தமிழ் எழுத்து கிடைத்த ஊர் ஒன்று இருக்குன்னு அந்த குரூப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹுர்காடாவிலிருந்து தெற்கே சுமார் இரண்டு மணி நேரம் காரில் போனால் குசேர். அதற்குச் சற்று வடக்கே குசேர் அல்-கதீம், அதாவது பழைய குசேர். ரோமானியர் காலத்தில் அதன் பெயர் மையோஸ் ஹார்மோஸ். இங்கிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போனதாக ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார்.

1978 முதல் 1982 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டினார்கள். தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. கண்ணன், சாத்தன் என்று அந்தப் பெயர்களைப் படித்தார்கள். 1999-க்குப் பிறகு நம்ம இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் தோண்டியபோது இன்னொரு ஓடு. அதில் இருந்தது 'பானை ஒறி' என்று வாசித்தவர் ஐராவதம் மகாதேவன். உறியில் தொங்கவிடும் பானை. அது இந்தியாவில் செய்த பானைதான் என்று சொன்னவர் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் பானை நிபுணர் ராபர்ட்டா டோம்பர். தெற்கே இருக்கும் பெரெனிகே துறைமுகத்தில், இந்தியச் சாடி ஒன்றில் ஏழு கிலோவுக்கு மேல் மிளகு அப்படியே இருந்தது.

இதை வச்சு 'உலகத்தையே ஆண்டோம்'னு ஃபார்வர்டு அனுப்ப வேண்டாம். அந்த ஓடுகளில் மன்னனின் பட்டமும் இல்லை, போர் வெற்றியும் இல்லை. சாதாரண ஆளின் பெயரும், சமையலறைச் சாமானும்தான் இருக்கு. எனக்கு அதுதான் பெருசாத் தெரியுது. கிரேக்கமும் லத்தீனும் நடமாடிய துறைமுகத்துக்குப் போன சாமானில் ஒருத்தர் தன் பெயரைத் தன் எழுத்தில் கீறியிருக்கிறார்.

இங்கே நம்ம பிள்ளைகள் பிரைமரி ஸ்கூலில் பண்டைய எகிப்து படிக்கிறார்கள். தங்கள் பெயரை ஹைரோகிளிஃபில் வரைந்து கலர் அடித்துக் கொண்டு வருகிறார்கள். லக்சர் கடைத்தெருவில் அதே பெயரை வெள்ளி டாலரில் பொறித்து வாங்கித் தருகிறோம். அதே பிள்ளையிடம் "உன் பேரைத் தமிழ்ல எழுது"ன்னு சொல்லிப் பாருங்க. பாதி வீட்டில் பேனா அசையாது. 'எழுதி என்ன பயன்?'னு பிள்ளை கேட்டால், 'நம்ம மொழி, அதனால'ங்கிற பதில் எட்டு வயசுக்குப் போதாது. அந்தப் பானை ஓடு போதும்.

'மண்மேட்டைப் பார்க்க இவ்வளவு தூரமா?'ன்னு கேட்பீர்கள். உண்மைதான், குசேர் அல்-கதீமில் கர்னாக் மாதிரி தூண் எதுவும் கிடையாது. ஆனா நீச்சல் குளத்தில் கழியும் ஒரு வாரத்தில் அரை நாள் கொடுக்கலாம். அந்தக் கரையில் நின்று, எந்தக் காற்றைப் பிடித்து கப்பல் முசிறிக்குப் போச்சுன்னு பிள்ளைக்குச் சொல்லலாம். தென்மேற்குப் பருவக்காற்றில் போய், வடகிழக்குக் காற்றில் திரும்பினார்கள். ஊரில் ஆடிக்காற்றுன்னு சொல்வோமே, அதுவும் அந்தத் தென்மேற்குக் காற்றுதான்.

எகிப்து டிக்கெட் எடுக்க முடியாதவர்களுக்கு பிரிட்டிஷ் மியூசியம் இருக்கு, நுழைவு இலவசம். 1992-ல் சஃபோக் மாவட்டத்தின் ஹாக்ஸ்னில் கிடைத்த ரோமானியப் புதையலில் நாலு வெள்ளி மிளகுச் சிமிழ்கள் உண்டு. அன்றைக்கு ரோமானிய உலகத்துக்கு மிளகு போனது நம்ம தென்னிந்தியக் கரையிலிருந்துதான்.

லண்டனின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழா நடனத்துக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு வாரத்தை இதற்குக் கொடுங்கள். மியூசியத்துக்குக் கூட்டிப் போங்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு மண் ஓட்டைக் கொடுத்து, பெயரைத் தமிழில் கீறச் சொல்லுங்கள். கண்ணனும் சாத்தனும் செய்தது அவ்வளவுதான்.