படத்தில் தெரியாத வயர்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரினுக்கும் மீண்டும் மவுசு வந்திருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும்வரை ஓடக்கூடிய எதற்கும் விலை ஏறியது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பிள்ளைகளின் ஊர் ஏக்கமும் இதனோடு சேர்ந்துகொண்டது. தகப்பனார் ஓட்டிய காரைத் திருத்தி எடுக்கும்படி பணம் அனுப்புகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தப் பணம் காரின் எந்தப் பகுதிக்குப் போகிறது என்பதே என் கேள்வி.

ரிங்கரிங், பெயின்றிங், குரோமியப் பூச்சு, புதிய இருக்கை உறை. இவ்வளவும் முடிந்ததும் பளபளக்கும் காரின் படம் ஒன்று வெளிநாட்டுக்குப் பறக்கிறது. டாஷ்போட்டுக்குப் பின்னால் எவரும் குனிந்து பார்ப்பதில்லை. அங்கே தொங்குவன அறுபது, எழுபது ஆண்டுப் பழைமையான வயர்கள். அந்தக் காரில்தான் மணமக்களை ஏற்றுகிறோம். இதற்குப் புனரமைப்பு என்று பெயர் சூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இது பிணத்துக்குப் பவுடர் பூசும் வேலை.

1950களின் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் செப்புக் கம்பிக்கு மேல் இறப்பர் உறையும், அதற்கு மேல் பருத்திநூற் பின்னலும் இருக்கும். காலப்போக்கில் இறப்பர் காய்ந்து, வெடித்து, உதிர்ந்துவிடும். அவிழ்த்து வளைத்துப் பாருங்கள். கையோடு பொடியாக வரும். மொறிஸ் மைனரில் கார் முழுவதற்கும் இரண்டே இரண்டு பியூஸ்கள். தலைவிளக்குகளுக்கும் இக்னிஷனுக்கும் பியூஸே கிடையாது. அங்கே செம்பு தகட்டைத் தொட்டால் மின்சாரத்தைத் துண்டிக்க எதுவும் இல்லை. வயரே பியூஸாகி எரியும். என்ஜின் அறையின் அதே பின்சுவரில்தான் பெற்றோல் பம்பும் பொருத்தப்பட்டிருக்கிறது. மிகுதியை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எங்கள் கார்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்கள். சொட்டுப் பெற்றோலில் உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் இவை. அறுந்த இடத்தில் கிடைத்த வயரைக் கிடைத்த நிறத்தில் முறுக்கி, ரேப் சுற்றினார்கள். அன்று அது உயிர்காத்த கைத்திறன். அந்தத் தொழிலாளர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் வயர் தாராளமாகக் கிடைக்கும் இன்றும் அந்த முடிச்சுகளை அப்படியே விட்டு மேலே வர்ணம் பூசுவது கைத்திறன் அல்ல, ஏமாற்று.

"ஓடுற காரை ஏன் தொடுவான்?" என்பார்கள். ஓடுவது உண்மைதான். ஆனால் கறுத்த செம்பும் தளர்ந்த இணைப்பும் மின்னழுத்தத்தைத் தின்கின்றன. விளக்கைச் சென்றடையும் அழுத்தம் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது வீதம் குறைந்துவிடும். "லூக்காஸ் சாமான் என்றாலே இருட்டுத்தான்" என்று அந்த நிறுவனத்தைக் கேலி செய்கிறோமே, பெரும்பாலும் குற்றவாளி துருப்பிடித்த எர்த் இணைப்புத்தான்.

"காரின் அசல் தன்மை கெட்டுவிடும்" என்பது அடுத்த வாதம். வெளியே பருத்திநூற் பின்னலும் உள்ளே பிவிசி உறையும் கொண்ட முழு வயரிங் தொகுதியைப் பழைய நிறங்களிலேயே இங்கிலாந்தில் இன்றும் செய்து விற்கிறார்கள். அசல் தோற்றமும் கெடாது, காரும் எரியாது.

முழுத் தொகுதியை இங்கேயே செய்விப்பதும் தவறல்ல. ஆனால் சிவப்பு வயர்ச் சுருள் ஒன்றை வாங்கிக் கார் முழுவதும் ஓடவிடும் எலக்ற்றீஷியனிடம் காரை ஒப்படைக்காதீர்கள். பற்றரியிலிருந்து வருவது மண்ணிறம், இக்னிஷன் வெள்ளை, பியூஸைக் கடந்தது பச்சை, தலைவிளக்கு நீலம், பக்கவிளக்கு சிவப்பு, எர்த் கறுப்பு. இது அலங்காரம் அன்று, அடுத்துத் திருத்த வருபவனுக்கு எழுதி வைக்கும் மொழி.

வயரிங்கைப் பொருத்துவது வர்ணம் காய்ந்த பின்னர்தான். பணத்தை ஒதுக்குவது அதற்கு முன்னர். பழைய தொகுதியின் ஒவ்வொரு முனைக்கும் பெயர்ச்சீட்டுக் கட்டி, புதியது வேலைசெய்யும்வரை அதை எறியாமல் வைத்திருக்கவேண்டும். தகட்டில் வயர் நுழையும் ஒவ்வொரு துளைக்கும் இறப்பர் வளையம் வேண்டும். எர்த் இணையும் இடத்தில் புதிய வர்ணத்தை இரும்பு தெரியும்வரை சுரண்டவேண்டும். அழகான வர்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. மொறிஸ் மைனரில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. முதன்முறை பற்றரியை இணைக்கும்போது இடையில் 21 வாற் பல்ப் ஒன்றைத் தொடராக வையுங்கள். எல்லாச் சுவிச்சுகளும் அணைந்திருக்க அது எரிந்தால் எங்கோ கோளாறு. வயர் எரிவதற்கு முன் பல்ப் சொல்லிவிடும்.

பழைய லூக்காஸ் பியூஸில் 35 அம்பியர் என்றிருப்பது அது எரியும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதியே. அந்த இடத்தில் இன்றைய 35 அம்பியர் பியூஸைச் செருகினால் காவல் பாதியாகிவிடும்.

இனிப் பணம் அனுப்புவோர் முழுக் காரின் படத்தைக் கேட்காதீர்கள். மூன்று படங்கள் கேளுங்கள்: டாஷ்போட்டின் பின்புறம், பியூஸ் பெட்டி, எர்த் இணைக்கப்பட்ட இடம். அந்த மூன்றும் வராவிட்டால் அடுத்த தவணையை அனுப்பாதீர்கள்.