லேப் குட்டி வீட்டுக்கு வருதா? அடிக்கிற கையை முதல்ல ஓரமா வைங்க

பரீட்சை முடிஞ்சு லீவு விட்டாச்சுன்னா எங்க ஊசி போடுற அறைக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். எட்டு வயசு, பத்து வயசுப் பிள்ளைங்க. கையிலயோ கணுக்கால்லயோ ரெண்டு மூணு சின்னப் பல்தடம். கூட வர்ற அப்பா முகத்துல ஒரு அசட்டுச் சிரிப்பு.

"தெருநாய் இல்ல சார். நம்ம வீட்டு லேப் குட்டிதான். ஒரு டிடி மட்டும் போட்டு விடுங்க."

எப்படிக் கடிச்சுதுன்னு கேட்டா, பத்துல பாதிப் பேர் சொல்ற கதை ஒண்ணுதான். நடுவீட்டுல ஒண்ணுக்குப் போயிருச்சு. அப்பா அதோட மூக்கைப் பிடிச்சு அந்த ஈரத்துல தேய்ச்சு ரெண்டு போட்டிருக்கார். அதைப் பார்த்த பையன் சாயங்காலம் அதே மாதிரி செஞ்சிருக்கான். அப்பா கைக்குப் பயந்த குட்டி பையன் கைக்குப் பயப்படல.

அதனாலதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். குட்டி வாங்கற யோசனையில இருக்கிறவங்க பொறுமையா படிங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். தூத்துக்குடி கடற்கரையோரம் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர் நான். கால்நடை டாக்டர் கிடையாது. உங்க குட்டிக்கு எந்த மருந்து, எவ்வளவுன்னு அவங்கதான் சொல்லணும். நான் பேசப் போறது நாயும் மனுசனும் ஒரே தரையில வாழ்ற விஷயத்தைப் பத்தி. அதுல கெட்டுப்போற எல்லாம் கடைசியில எங்க ஓபி வாசலுக்குத்தான் வந்து நிக்குது.

வாங்கறதுக்கு முன்னாடி குட்டியோட வயசைக் கேளுங்க. 2017-ல மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள்படி 8 வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாது. நம்ம பக்கம் நடக்கிறது என்ன? 30 நாள், 35 நாள் குட்டியை அட்டைப்பெட்டியில வச்சு "இப்பவே எடுத்தாதான் அண்ணாச்சி பாசமா ஒட்டும்"னு தலையில கட்டுறாங்க.

ஒட்டாது. கடிக்கும். காரணம் இருக்கு. கூடப்பிறந்த குட்டிகளோட உருண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிச்சா எதிராளிக்கு வலிக்கும்னு குட்டி கத்துக்குது. ஓவரா கடிச்சா அந்தக் குட்டி கத்திட்டு விளையாட்டை நிறுத்திரும். தாயும் உறுமி அடக்கும். அந்தப் பாடத்துல பாதியிலயே பிரிச்சுக் கொண்டுவந்துட்டா, மீதிப் பாடத்தை உங்க பிள்ளை கையில படிக்கும்.

லேப் எதுக்கு, நம்ம ஊர் வெயில்ல நம்ம நாயே போதாதான்னும் ஒரு கேள்வி இருக்கு. நியாயமான கேள்வி. சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் நம்ம கரிசல் பக்கத்து இனங்க. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல தபால்தலையே போட்டாங்க. குட்டை முடி, வெயில் தாங்கும். ஆனா ஓடறதுக்கு இடம் வேணும், அஞ்சாவது தெரு மாடி வீட்டுல அடைச்சு வைக்க அது சரிப்படாது. லேப்போட பூர்வீகம் கனடா பக்கம் நியூஃபவுண்ட்லாந்து தீவு. மீனவர்களோட படகுல போய், தூண்டில்ல இருந்து நழுவுற மீனைக் கவ்வி வரவும் கயிறு இழுக்கவும் இருந்த நாய்களோட வம்சம். ஒரு வகையில திரேஸ்புரத்துக்குச் சொந்தக்கார நாய்தான். ஆனா அந்தக் கடல் குளிர்க்கடல். அதுக்காக வந்த ரெட்டை அடுக்கு முடி நம்ம மே மாசத்துல அதுக்கு ஸ்வெட்டர் மாதிரி. அதனால காலையில வெயில் ஏறும் முன்னாடி, சாயங்காலம் இருட்டின பிறகு, இந்த ரெண்டு நேரம் தவிர ரோட்டுல நடத்தாதீங்க. தார்ல உங்க புறங்கையை வச்சுப் பாருங்க. உங்களால தாங்க முடியலன்னா அதோட பாதத்தாலயும் முடியாது.

குட்டி வர்றதுக்கு முந்தின நாள் வீட்டுல முட்டி போட்டு ஒரு ரவுண்டு தவழ்ந்து பாருங்க. விளையாட்டுக்குச் சொல்லல. அந்த உயரத்துல இருந்து பார்த்தாதான் சார்ஜர் வயர், கட்டிலடியில விழுந்த மாத்திரை, கொசுவத்தி எல்லாம் கண்ணுல படும். எலி பேஸ்ட் இருந்தா அன்னைக்கே அப்புறப்படுத்துங்க. அது நாய்க்கு மட்டும் விஷமில்ல, ஈரல் கெட்டு வர்ற மனுசங்களை வார்டுல பார்க்கிறவன் சொல்றேன். குட்டிக்கு உடம்பு சுடுதுன்னு பிள்ளையோட பாராசிட்டமால் சிரப், இபுப்ரோஃபென் எதையும் ஊத்தாதீங்க. நமக்குச் சாதாரணமான இபுப்ரோஃபென் நாயோட குடலையும் கிட்னியையும் புண்ணாக்கிரும்.

சாப்பாட்டுல நம்ம ஊருக்குன்னு சில ஆபத்து. ராத்திரி மிஞ்சின பொரிச்ச பரோட்டாவும் சால்னாவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்த அணுக்களை உடைக்கும். மக்ரூன் ஒண்ணு குடுத்தா சாகாது, ஆனா அந்த முழியைப் பார்த்துட்டு தினமும் குடுப்பீங்க. லேப் ஏன் எப்பவும் பசிக்குற மாதிரியே பார்க்குதுன்னா, அதுல ஏறத்தாழ நாலுல ஒண்ணுக்கு வயிறு நிறைஞ்சதை மூளைக்குச் சொல்ற ஒரு மரபணுவுல கொஞ்சம் பகுதி விடுபட்டிருக்கு. 2016-ல கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சது. அந்தப் பார்வைக்கு இரங்கினா ரெண்டு வருசத்துல மூட்டு வலியோட நடக்கிற குண்டு நாய்தான் மிச்சம்.

இப்ப தரைக்கு வருவோம்.

8 வாரக் குட்டிக்கு மூத்திரப்பையை அடக்கற தசை பக்குவப்படல. முழிச்சிருக்கும்போது ரெண்டு மணி நேரம் தாங்கினாலே பெருசு. மாசத்துக்கு ஒரு மணி நேரம்னு தோராயமா கணக்கு வச்சுக்கங்க. ஒரு வயசுக் குழந்தை ஜட்டியில போனா அடிப்பீங்களா? இதுவும் அதே உடலியல்தான்.

எப்ப போகும்ங்கிறது மட்டும் நல்லாவே கணிக்கலாம். தூங்கி எழுந்த உடனே. சாப்பிட்டு அஞ்சுல இருந்து இருபது நிமிசத்துக்குள்ள. இரைப்பை நிறைஞ்சா பெருங்குடல் அசையும், நம்ம கைக்குழந்தை பால் குடிச்சதும் போறது இதனாலதான். அப்புறம் விளையாட்டு முடிஞ்ச கையோட. இந்த மூணு நேரமும் நீங்க கேட்காமலே தூக்கிட்டு வெளிய போகணும். தரையை மோந்துகிட்டே வட்டமடிக்க ஆரம்பிச்சா இன்னும் சில விநாடிதான் பாக்கி.

இடம் ஒண்ணு, வழி ஒண்ணு, வார்த்தை ஒண்ணு. முற்றத்து மூலையோ மொட்டை மாடியில மண் போட்ட தட்டோ, எதுவா இருந்தாலும் மாத்தாதீங்க. "மூச்சா போ"ன்னு ஆச்சி சொன்னா ஆச்சி சொல்றதையே எல்லாரும் சொல்லுங்க. ஆளுக்கொரு பாஷையில மிரட்டினா அது எதைத்தான் புரிஞ்சுக்கும்? போய் முடிச்ச உடனே, அந்த இடத்துலயே, ரெண்டு மூணு விநாடிக்குள்ள பாராட்டும் ஒரு சின்ன தீனியும். வீட்டுக்குள்ள வந்த பிறகு குடுத்தா, வீட்டுக்குள்ள வந்ததுக்குக் கூலின்னுதான் அது நினைக்கும்.

தண்டனைக்கும் அதே கணக்குதான். ஆபீஸ்ல இருந்து வந்து, காய்ஞ்சு போன கறையைக் காட்டி அடிச்சா, அடிக்கு காரணம் கறைன்னு அதுக்குத் தெரியாது. நீங்க வர்றதுதான் அடிக்குக் காரணம்னு தெரியும். "தப்பு செஞ்சுட்டு எப்படி முழிக்குது பாரு"ன்னு சிரிக்கிறோமே, அது குற்ற உணர்ச்சி இல்ல, பயம். பயந்த குட்டி உங்க கண்ணெதிர போறதை நிறுத்திரும். சோபாவுக்குப் பின்னாடி, கட்டிலடியில தேடிப் போகும். அப்ப "திமிரு"ன்னு இன்னும் அடி. ஒரு கட்டத்துல அது பல்லைக் காட்டும். இந்தத் தெருவுல இதுக்கு மேல போனா கடிதான் முட்டுச்சந்து.

கண்ணெதிரவே போகுதா? ஒரு கைதட்டு தட்டி கவனத்தைத் திருப்பி, தூக்கிட்டு இடத்துக்கு ஓடுங்க. மிச்சத்தை அங்க முடிச்சா பாராட்டுங்க. அவ்வளவுதான்.

கறையைத் துடைக்கிறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. அம்மோனியா வாடை வர்ற கிளீனரைப் போட்டா குட்டிக்கு அது மூத்திர வாடை மாதிரிதான் இருக்கும், திரும்ப அங்கயே போகும். என்சைம் கிளீனர் கிடைச்சா நல்லது, இல்லன்னா வினிகர் கலந்த தண்ணி. பினாயில் ஊத்தின ஈரத்துல குட்டியை விடாதீங்க. பாதத்தை நக்கும்.

ராத்திரி பத்து மணிக்குக் கடைசியா ஒரு தடவை, நடுராத்திரி ஒண்ணு ரெண்டு தடவை, விடியக்காலை ஒரு தடவை. முதல் நாலஞ்சு நாள் அழும். தாயை விட்டு வந்தது வேற என்ன செய்யும்? மாடிப்படிக்குக் கீழ தனியா கட்டிப்போடாம, உங்க கட்டில் பக்கத்துல ஒரு பெட்டியில படுக்க வைங்க. தான் படுக்கிற இடத்தை அசிங்கப்படுத்த அதுக்குப் பிடிக்காது, அவசரம்னா முனகி எழுப்பும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தண்ணி வைக்காதேன்னு சிலர் ஆலோசனை சொல்றாங்க. நம்ம ஊர் புழுக்கத்துல அதை நான் ஒத்துக்க மாட்டேன். தரையைத் துடைச்சுக்கலாம்.

பெரும்பாலான குட்டிகளுக்கு நாலஞ்சு மாசம் ஆகும், சிலதுக்கு ஒரு வருசம். நல்லாப் பழகின குட்டி திடீர்னு வீட்டுக்குள்ள அடிக்கடி சொட்டுச் சொட்டா போனா அடம்னு நினைக்காதீங்க. மூத்திரப்பாதைக் கிருமியா இருக்கலாம். ரத்தம் கலந்த நாத்தப் பேதி, வாந்தி, சோர்வுன்னா பார்வோ. நாளைக்குப் பார்க்கலாம்ங்கிற பேச்சே கிடையாது. போன குட்டி பார்வோல செத்த வீடுன்னா அந்த வைரஸ் மாசக்கணக்குல தரையிலயும் மண்ணுலயும் இருக்கும். பிளீச்சிங் கரைசல் வச்சு சுத்தம் பண்ணி, தடுப்பூசி முடிஞ்ச குட்டியைத்தான் அங்க கொண்டு வரணும்.

குட்டி வெளிய போற இடம் உங்க பிள்ளை விளையாடுற மணலா இருக்கக் கூடாது. நாயோட கொக்கிப்புழு மண்ணுல லார்வாவா மாறி வெறுங்கால்ல ஏறும். பாதத்துல சிவப்பா, பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு அரிப்போட வரும். பூரான் கடின்னு மஞ்சள் பூசிட்டு வருவாங்க. குட்டிக்கு ஒழுங்கா குடற்புழு மருந்து குடுத்து, மலத்தை உடனுக்குடன் அள்ளினாலே இதுல பெரும்பகுதி நடக்காது.

அப்புறம் எலிக்காய்ச்சல். 2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. அந்த மாதிரி எலி மூத்திரம் கலந்த தண்ணியில அளைஞ்ச நாய்க்கும் லெப்டோ வரும், அதோட மூத்திரம் வழியா நமக்கும் வரும். அதனால தரையில கிடக்கிறதை வெறுங்கையால துடைக்காதீங்க. தடுப்பூசியில லெப்டோவும் சேர்ந்திருக்கான்னு கால்நடை டாக்டர்கிட்ட கேளுங்க.

துறைமுகக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறவங்க நல்ல தண்ணி பாட்டிலோட போங்க. தாகத்துல கடல் தண்ணியைக் குடிச்சா வாந்தி, பேதி, உப்பு ஏறி வலிப்பு வரைக்கும் போகும். கரையில ஒதுங்கிக் கிடக்கிற பேத்தை மீனைக் கவ்வ விடாதீங்க. அதோட விஷத்துக்கு மாத்து மருந்து இல்ல.

இனி ரேபிஸ். இங்க நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

"குட்டிக்கு ஏது சார் ரேபிஸ்?" வரும். தடுப்பூசி போடாத தாய், வளர்ப்பு இடத்துல நுழைஞ்ச ஒரு வெறிநாய், போதும். குட்டிக்கு ரேபிஸ் ஊசியே மூணு மாசத்துல இருந்துதான். அப்புறம் வருசா வருசம். ஆக, நீங்க வாங்கிட்டு வர்ற நாள்ல அதுக்குப் பாதுகாப்பு இல்ல. அந்த நாட்கள்லதான் அது பாக்குற கை, கால் எல்லாத்தையும் கடிச்சு விளையாடும்.

பல் பதிஞ்சு தோல் கிழிஞ்சா, ஓடுற குழாய்த் தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிசம் கழுவுங்க. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்க. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம். சங்கு குளிக்கப் போற அண்ணன் ஒருத்தர் "கடல் தண்ணியில நாள் பூரா ஊறின கை சார், இதுக்கு மேல என்ன கழுவ"ன்னு கேட்டார். உப்புத் தண்ணி சோப்பு ஆகாது. இந்த வைரஸோட மேலுறை கொழுப்பு, அதைக் கரைக்கிறது சோப்புதான்.

உடனே அரசு மருத்துவமனைக்கு வாங்க. 0, 3, 7, 28-வது நாள், தோல்ல நாலு தவணை. இலவசம். அந்த அண்ணனுக்கும் அவர் கடலுக்குப் போற நாளைக் கேட்டு, காலையில முதல் ஆளா போட்டு அனுப்பினோம். தொப்புளைச் சுத்தி 14 ஊசிங்கிற காலம் 2004-ஓட முடிஞ்சு போச்சு, இன்னும் அதுக்குப் பயந்து வீட்டுல மறைக்கிற பிள்ளைங்க இருக்காங்க. தோலைத் துளைச்ச கடின்னா காயத்துக்குள்ளயே இம்யூனோகுளோபுலினும் போடணும். "பத்து நாள் குட்டியைப் பார்த்துட்டு வரோம்"னு கிளம்பாதீங்க. பார்க்கறது பாருங்க, ஊசியை இன்னைக்கே ஆரம்பிங்க. அறிகுறி வந்த ரேபிஸுக்கு நாங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல.

பிள்ளைங்ககிட்ட ஒரே ஒரு விஷயம் சொல்லி வைங்க: குட்டி கடிச்சாலோ கீறினாலோ சொன்னா திட்டு விழாது. திட்டுக்குப் பயந்துதான் மறைக்கிறாங்க. குட்டி சோபாவுக்குப் பின்னாடி போற அதே கதைதான்.

சிலர் கேட்பீங்க, குட்டி ஏற்கனவே வந்தாச்சு, தடுப்பூசி அட்டையே குடுக்கல, என்ன செய்யன்னு. வித்தவர் வாயால சொன்னதைக் கணக்குல எடுக்காதீங்க. ஒண்ணும் போடலன்னு வச்சுகிட்டு, நாளைக்குக் காலையில பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போங்க. நடத்திக் கூட்டிட்டுப் போகாதீங்க, அங்க தரையில இறக்கியும் விடாதீங்க, மத்த நாய் நோயோட வந்து நிக்கிற இடம் அது. புது நோட்டு அட்டை ஒண்ணு வாங்கி, முதல் ஊசித் தேதியை அதுல எழுதச் சொல்லுங்க.